நம் கணக்கு நம் கையில் வேண்டும்

(மேல்மலையனூரில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



ஒவ்வொரு வருஷமும் டெல்லியில் பட்ஜெட் போடுகிறார்கள். அதைப் பற்றிப் பத்திரிகைகள் பத்து நாள் முன்னாலிருந்தே எழுதுகின்றன. பெரிய பெரிய நிபுணர்கள் கூடிப் பேசுகிறார்கள். நாட்டுக்குப் பட்ஜெட் போடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வரவு போதாவிட்டால் வரி போடலாம். கடன் பத்திரம் விற்கலாம். நம் வீட்டில் பட்ஜெட் போடுகிற பெண்ணுக்கு அந்த வசதி ஏது? வரவு போதாவிட்டால் அவள் முதலில் தன் தட்டிலிருக்கும் சோற்றைக் குறைக்கிறாள். அதுவும் போதாவிட்டால் காதிலிருப்பதைக் கழற்றுகிறாள்.

இந்தப் பட்ஜெட்டைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

கூலி உயர்வு கோரிக்கையைப் பேசக் கூடிய இடத்தில் உப்பு, புளி, மிளகாய்க் கணக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். உப்பு, புளி, மிளகாய்க் கணக்கிலிருந்துதான் கூலிக் கோரிக்கையே பிறக்கிறது. அந்தக் கணக்கு தெரியாமல் கூலி கேட்கப் போனால் என்ன ஆகிறது? "எவ்வளவு வேண்டும்?" என்று எதிராளி கேட்பான். "ஏதோ போட்டுக் கொடுங்கள்" என்று நாம் சொல்லுவோம். "ஏதோ" என்று கேட்டவனுக்கு ஏதோதான் கிடைக்கும்.

கணக்கு யாரிடம் இருக்கிறது?

யோசித்துப் பாருங்கள். மளிகைக் கடைக்காரரிடம் நம் பற்று நோட்டு இருக்கிறது. எந்தத் தேதியில் எத்தனை பாக்கெட் எண்ணெய் வாங்கினோம் என்று அதில் எழுதியிருக்கிறது. குழுக் கடன் வசூலிக்க வருகிறவரிடம் நம் தவணைக் கணக்கு இருக்கிறது. அடகுக் கடைக்காரரிடம் நம் நகைச் சீட்டின் அடிக்கட்டை இருக்கிறது. உறவினர் வீட்டு மொய் நோட்டில் நாம் எழுதியதும் நமக்கு எழுதியதும் இருக்கின்றன. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் ஆள் பிடிக்கிற மேஸ்திரியிடம் நாம் வாங்கிய முன்பணக் கணக்கு இருக்கிறது. ஆலை ஆபீசில் நம் வருகைக் கணக்கும் பிடித்தக் கணக்கும் இருக்கின்றன.

ஊரில் எல்லோரிடமும் நம் கணக்கு இருக்கிறது. நம்மிடம் மட்டும்தான் இல்லை!

கணக்கு யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்லுவதுதான் தொகை. "உன் பாக்கி இவ்வளவு" என்றால் தலையாட்டுகிறோம். அந்தக் காலத்துப் படியாள் முறையை நினைத்துப் பாருங்கள். 1916-ல் சென்னைப் பல்கலைக் கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் முயற்சியில் தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றை ஆராய்ந்தார்கள். அவற்றில் ஒன்று நம் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த இருவேல்பட்டு. இன்று அது நம் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே படியாட்களாக வாழ்ந்த உழைப்பாளிகளின் நிலை அந்த ஆராய்ச்சியில் பதிவாகியிருக்கிறது. படியாள் எப்படி உண்டானான்? கலியாணத்துக்கோ, சாவுக்கோ ஆண்டையிடம் ஒரு தொகை வாங்கினான். கணக்கு ஆண்டையின் வீட்டில் இருந்தது. அப்பன் வாங்கியது மகன் தலையில் ஏறியது. கூலி உண்டு, கணக்கு இல்லை. ஆகவே விடுதலையும் இல்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ல்தான் வந்தது. சட்டம் வந்து இவ்வளவு காலமான பிறகும், முன்பணம் என்ற பெயரில் அதே கயிறு சூளைகளிலும் கரும்புக் காடுகளிலும் கிடக்கிறது.

ஆகவே, கணக்கு எழுதுவது கஞ்சத்தனம் அல்ல. கயிற்றின் நுனியைக் கையில் பிடிப்பது.

பட்டியல் போடுவது எப்படி?

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். பால்காரர்கள் சுவரில் கோடு போட்டுக் கணக்கு வைத்ததை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள், அதுவும் கணக்குத்தான். ஒரு அமாவாசையிலிருந்து மறு அமாவாசை வரை எழுதினால் ஒரு மாதக் கணக்கு கிடைத்துவிடும். நம் ஊரில் அமாவாசையை யாரும் மறக்க முடியாது. அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு வருகிற ஜனங்களே நினைவுபடுத்திவிடுவார்கள்.

செலவுகளை ஐந்து கட்டாகப் பிரியுங்கள்.

முதல் கட்டு, அன்றாடச் செலவு. காய், எண்ணெய், பருப்பு, பால், டீ, ரேஷன் அரிசி போக மேற்கொண்டு வாங்குகிற அரிசி, எப்போதாவது எடுக்கிற கறி, மீன். வெற்றிலை பாக்கையும் பீடியையும் விடக் கூடாது. ஆண் தோழர்கள் கோபிக்க வேண்டாம். டாஸ்மாக் கடையில் கொடுக்கிற பணத்தையும் எழுத வேண்டும். மறைத்த செலவு மனைவியின் தலையில்தான் விடியும்.

இரண்டாவது, மாதம் தவறாத செலவு. வாடகை வீடானால் வாடகை, கேஸ் சிலிண்டர் அல்லது விறகு, மின்சாரம், செல்போன் ரீசார்ஜ், பஸ், பெட்ரோல், பெரியவர்களின் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வாங்குகிற மாத்திரை. மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும். சிலிண்டர் ஒன்றரை மாதம் ஓடும். அவற்றை மாதக் கணக்குக்கு மாற்றி எழுத வேண்டும்.

மூன்றாவது, வருஷத்தில் நாள் குறித்துக்கொண்டு வருகிற செலவு. இதில்தான் நாம் ஏமாறுகிறோம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் என்று நமக்குத் தெரியாதா? ஐப்பசியில் தீபாவளியும் தையில் பொங்கலும் வரும் என்று தெரியாதா? மாசியில் மயானக் கொள்ளைக்கும் தேருக்கும் உறவினர்கள் வந்து இறங்குவார்கள் என்று மேல்மலையனூரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். வந்தவர்களுக்கு ஒரு வேளை சோறு போடாமல் இருக்க முடியுமா? தெரிந்த தேதியில் வருகிற செலவை, எதிர்பாராமல் வந்த செலவு போலக் கடன் வாங்கிச் செய்கிறோம். வருஷச் செலவைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். அப்போதுதான் நம் மாதச் செலவு உண்மையில் எவ்வளவு என்று தெரியும்.

நான்காவது, சொல்லுக்குக் கட்டுப்பட்ட செலவு. மொய், தாய்மாமன் சீர், காது குத்து, மஞ்சள் நீர், கருமாதி. நமக்குச் செய்தவர்களுக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டியது. மொய் என்பது வட்டியில்லாத கடன். ஆனால் தவணைத் தேதி நமக்குத் தெரியாது. பழைய மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். எந்தெந்த வீட்டில் கலியாண வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பார்த்தால், வரப்போகும் வருஷத்துக்குச் சுமாராக ஒரு தொகை போட்டுவிடலாம். சங்கச் சந்தாவையும் இந்தக் கட்டில் எழுதுங்கள். அதுவும் நாம் ஒருவருக்கொருவர் கொடுத்த சொல்தான்.

ஐந்தாவது, கடன். குழுக் கடன், நகைக் கடன், தண்டல், கைமாற்று, கடைப் பற்று, ஏலச் சீட்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு விஷயம் எழுத வேண்டும்: கையில் வாங்கியது எவ்வளவு, எழுதிக் கொடுத்தது எவ்வளவு, தவணை எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை.

கையில் வாங்கியதையும் எழுதிக் கொடுத்ததையும் ஏன் தனித்தனியாக எழுதச் சொல்கிறோம்? தண்டல்காரர் 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 8,500 கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "1,500 ரூபாய்தானே!" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. 100 நாளும் நம் கையில் சராசரியாக இருந்தது வாங்கியதில் பாதி, 4,250 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 1,500 ரூபாய் வட்டி! வருஷக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு 125-க்கும் மேலே போகிறது. இதை நோட்டில் எழுதிப் பார்க்கிறவன் அடுத்த தடவை கை நீட்டுமுன் யோசிப்பான்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். புருஷன், பெண்சாதி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், வயதான தாயார். நிலம் இல்லை, வீடு சொந்தக் குடிசை. தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் வீட்டுத் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

வரவை மாதக் கணக்காகப் போடக் கூடாது. நடவுக்கும் மணிலாப் பிடுங்குகிற சமயத்துக்கும் வேலை உண்டு, கோடையில் இல்லை. ஆகவே வருஷக் கணக்காகப் போடுவோம். புருஷனுக்கு 200 நாள் வேலை, நாட்கூலி 500 ரூபாய்; ஆக 1,00,000. பெண்சாதிக்கு 150 நாள் வேலை, நாட்கூலி 300 ரூபாய், ஆக 45,000. மொத்த வரவு 1,45,000 ரூபாய். மாதத்துக்குச் சுமார் 12,000. சர்க்கார் உதவித் தொகை ஏதாவது வருகிற வீட்டில் அதைத் தனி வரியாக எழுதுங்கள்.

இப்போது செலவு. அன்றாடச் சாப்பாட்டுச் சாமான்களுக்கு மாதம் 5,500. எரிபொருள், மின்சாரம் 900. பஸ், பெட்ரோல், செல்போன் 1,100. மருந்து 600. சோப்பு, டீ, வெற்றிலை பாக்கு, சில்லறை 900. ஆக மாதம் 9,000, வருஷத்துக்கு 1,08,000.

நாள் குறித்து வருகிற செலவும் சொல்லுக்குக் கட்டுப்பட்ட செலவும்: பள்ளிக்கூடம் திறக்கும்போது 6,000, துணிமணி 8,000, திருவிழா 5,000, குடிசை பழுது 5,000, மொய், சீர் 12,000. ஆக 36,000.

கடன்: இரண்டு குழுக்களுக்கும் சேர்த்து வாரம் 600. வருஷத்துக்கு 52 வாரம்; 31,200.

மொத்தச் செலவு 1,75,200. வரவு 1,45,000. துண்டு விழுகிறது 30,200 ரூபாய்!

இப்போது இந்தக் கணக்கைக் கூர்ந்து பாருங்கள். கடன் தவணையை நீக்கிவிட்டால் செலவு 1,44,000. வரவுக்குள் அடங்கிவிடுகிறது, 1,000 ரூபாய் மிச்சம்கூட வருகிறது. ஆகவே துண்டு விழுவது சாப்பாட்டால் அல்ல, மொய்யால் அல்ல, திருவிழாவால் அல்ல, தவணையால்தான். தவணை எங்கிருந்து வந்தது? போன வருஷம் வேலை இல்லாத கோடையில் வாங்கினார்கள். தாயாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வாங்கினார்கள். போன வருஷத்துத் துண்டுதான் இந்த வருஷத்துத் தவணை. இந்த வருஷத்துத் துண்டு அடுத்த வருஷத்துத் தவணை.

இன்னொன்றையும் பாருங்கள். பெண்ணுக்கு ஆணைவிட நாளைக்கு 200 ரூபாய் குறைவு. 150 நாளுக்கு 30,000 ரூபாய். துண்டு எவ்வளவு? 30,200! சமமான வேலைக்குச் சமமான கூலி வேண்டும் என்று 1976-ல் சட்டமே போட்டார்கள். அந்தச் சட்டம் வரப்பு வரைக்கும் வந்து சேரவில்லை. இந்தக் குடும்பம் கடனாளி ஆனதற்குக் காரணம் ஊதாரித்தனமா, பெண்ணின் கூலியில் வெட்டிய 200 ரூபாயா? நீங்களே சொல்லுங்கள்.

பட்டியல் போடாத வரையில் இது கண்ணுக்குத் தெரியாது. "என்னவோ தெரியவில்லை, கையில் காசே நிற்கவில்லை" என்று தலைவிதியைத் திட்டிக்கொண்டிருப்போம்.

சிக்கன உபதேசம்

ஏழைக்குச் செலவு செய்யத் தெரியவில்லை என்று நெடுங்காலமாக உபதேசம் செய்கிறார்கள். அந்த உபதேசத்துக்கு முதலாளிகளின் சர்க்காரே எடுத்த கணக்கு பதில் சொல்லியிருக்கிறது. 1921-22-ல் பம்பாய் மாகாண சர்க்கார் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை விசாரித்தது. பிண்ட்லே ஷிராஸ் என்ற அதிகாரி 1923-ல் அறிக்கை வெளியிட்டார். என்ன கண்டார்? ஆலைத் தொழிலாளி சாப்பிடுகிற தானியம், பம்பாய்ச் சிறை விதிகள் கைதிக்கு அளந்து கொடுக்கிற தானியத்தைவிடக் குறைவு என்று கண்டார்! நூல் நூற்று ஊருக்கெல்லாம் துணி கொடுத்தவன் சிறைக் கைதியைவிட அரை வயிறு. அவனுக்குச் சிக்கனம் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம்!

1931-ல் வெளிவந்த விட்லி கமிஷன் அறிக்கையும் இதையே வேறு விதமாகச் சொன்னது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத தொழிலாளர் குடும்பங்கள் கடனில் இருக்கின்றன. பெரும்பாலோரின் கடன் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் என்றது. மூன்றில் இரண்டு பங்கு ஜனங்கள் ஒரே சமயத்தில் ஊதாரிகள் ஆகிவிட முடியுமா? அது குணக்கேடு அல்ல, கூலிக்கேடு.

எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளிவிவர நிபுணர் ஒருவர் இருந்தார். நம் ஏங்கெல்ஸ் அல்ல, இவர் வேறு. பெல்ஜியம் நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை ஆராய்ந்து 1857-ல் ஒரு விதியைச் சொன்னார். குடும்பம் எவ்வளவுக்கு எவ்வளவு ஏழையோ, அவ்வளவுக்கு அவ்வளவு அதன் செலவில் பெரும் பங்கு சாப்பாட்டுக்கே போகும் என்பது அந்த விதி. நம் பட்டியலைப் போட்டு, நூற்றுக்கு எவ்வளவு சாப்பாட்டுக்குப் போகிறது என்று பார்த்தால் நம் நிலை நமக்கே விளங்கும்.

பட்டியல் கோரிக்கை ஆன கதை

தோழர்களே! தொழிலாளி வர்க்கம் இந்தப் பட்டியலைக் கையில் எடுத்து நடத்திய போராட்டங்களுக்குச் சரித்திரம் உண்டு.

1957 ஜூலையில் டெல்லியில் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. சர்க்கார், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்து, குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று முடிவு செய்தார்கள். எப்படிக் கணக்கிட்டார்கள்? வீட்டுப் பட்டியல் போட்டுத்தான்! சம்பாதிக்கிற ஒருவரை நம்பி மூன்று பேர் அளவு சாப்பாடு. ஒரு ஆளுக்கு 2,700 கலோரி. இந்த உணவுக் கணக்கைப் போட்டுக் கொடுத்த டாக்டர் அய்க்ராய்டு, நம் நீலகிரி குன்னூரில் இருந்த உணவு ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக வேலை பார்த்தவர். துணி, தலைக்கு வருஷம் 18 கஜம். நான்கு பேருக்கு 72 கஜம். வீட்டு வாடகை, சர்க்கார் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தின் அளவுப்படி. எரிபொருள், விளக்கு, இதர செலவுகளுக்கு மொத்தக் கூலியில் நூற்றுக்கு 20.

அதில் ஒரு குறை இருந்தது. பிள்ளைகளின் படிப்பு எங்கே? வைத்தியம் எங்கே? நல்லது கெட்டது எங்கே? அந்தக் குறையைத் தீர்த்தது நம் சென்னைத் தொழிலாளர்களின் வழக்கு. ரெப்டகோஸ் பிரெட் என்ற மருந்துக் கம்பெனியின் சென்னைத் தொழிற்சாலையில், விலைவாசியோடு இணைத்திருந்த பஞ்சப்படி முறையை நிர்வாகம் மாற்றப் பார்த்தது. தொழிலாளர்கள் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள்; 1991-ல் வென்றார்கள். பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை, சடங்கு, முதுமைக் காலம், கலியாணம் ஆகியவற்றுக்காகக் குறைந்தபட்சக் கூலியில் நூற்றுக்கு 25 சேர வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லிற்று.

இதன் அர்த்தம் என்ன? நாம் முன்னே சொன்ன மூன்றாவது, நான்காவது கட்டுகளைக் கோர்ட்டே ஒப்புக்கொண்டுவிட்டது. பண்டிகைக்கு ஒரு புதுத்துணி எடுப்பதும், தங்கை மகளுக்குச் சீர் செய்வதும் ஆடம்பரம் அல்ல. மனிதன் மனிதனாக வாழ ஆகிற செலவு. அது கூலிக்குள் இருக்க வேண்டும். கூலிக்குள் இல்லாததால்தான் கடனுக்குள் போகிறோம்.

கூலிக்குள் அது இல்லாததை வைத்து முதலாளிகள் என்ன செய்தார்கள்? கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று நடந்ததே, நினைவிருக்கிறதா? ஏழை வீட்டுப் பெண்களை விடுதியில் வைத்து மூன்று வருஷம் போல வேலை வாங்குவது. முடிவில் கலியாணத்துக்கு ஒரு தொகை தருவதாகச் சொல்லுவது. அந்தப் பெண்ணின் சொந்தக் கூலியைத்தான் பிடித்து வைத்து, கலியாணச் சீர் போல நீட்டினார்கள். இடையில் உடம்பு முடியாமல் வீடு திரும்பினால் அதுவும் கைக்கு வராமல் போனது உண்டு. மூன்றாவது, நான்காவது கட்டுக்கு வழியில்லாத வீடுகளைத் தேடித்தான் புரோக்கர் வந்தான்.

1957-ல் ஒப்புக்கொண்டதையாவது நிறைவேற்றினார்களா? இல்லை. மத்திய சர்க்கார் நியமித்த அனூப் சத்பதி குழு 2019-ல் நாட்டுக்கெல்லாம் ஒரே அடிப்படைக் கூலியாக நாளைக்கு 375 ரூபாய் சிபாரிசு செய்தது. அந்தக் குழு 2,700 கலோரியை 2,400 ஆகக் குறைத்துக்கொண்டுதான் இந்தத் தொகையைச் சொன்னது. அதையாவது ஏற்றார்களா? அதே வருஷம் 176 ரூபாயாக இருந்ததை 178 ஆக்கினார்கள். இரண்டு ரூபாய் உயர்வு! ஒரு டீக்குக்கூடக் காணாது.

கிராமத்திலும் கணக்குப் பாருங்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-ஆம் வருஷத்துக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். 100 நாளும் முழுசாகக் கிடைத்தது என்றே வைத்துக்கொண்டாலும் 33,600 ரூபாய். 365 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 92 ரூபாய். வயிறு 365 நாளும் பசிக்கிறது.

குறியீட்டெண் என்ற தராசு

ஆலைத் தோழர்கள் பஞ்சப்படி வாங்குகிறார்கள். அது விலைவாசிக் குறியீட்டெண்ணைப் பார்த்து ஏறுகிறது. அந்தக் குறியீட்டெண் எப்படிப் பிறக்கிறது? சர்க்காரின் லேபர் பீரோ தொழிலாளர் வீடுகளுக்கு ஆள் அனுப்பி, எதற்கு எவ்வளவு செலவு செய்கிறீர்கள் என்று விசாரிக்கிறது. அந்த வீட்டுப் பட்டியல்களைச் சேர்த்துத்தான் சாப்பாட்டுக்கு இவ்வளவு பங்கு, வாடகைக்கு இவ்வளவு பங்கு என்று நிர்ணயிக்கிறார்கள். 1982-ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீட்டில் சாப்பாட்டுக்கு நூற்றுக்கு 57 பங்கு. 2001 அடிப்படையில் 46 ஆயிற்று. 2016 அடிப்படையில் 39 ஆயிற்று. இது வந்த பிறகு, அரிசி பருப்பு விலை ஏறினால் குறியீட்டெண் முன்போல ஏறாது. அரை வயிற்றுக்காரன் வீட்டில் சாப்பாட்டுச் செலவு இன்றும் பாதியாக இருந்தால், அவனுக்குத் தராசு சரியாக நிற்குமா?

தராசைத் தட்டிக் கேட்டவர்களும் நாம்தான். பம்பாயில் குறியீட்டெண் விலைவாசியைக் குறைத்துக் காட்டுகிறது என்று தொழிலாளர்கள் கொதித்தெழுந்து 1963 ஆகஸ்டு 20-ல் நகரத்தையே நிறுத்தினார்கள். பிறகு லக்டவாலா நிபுணர் குழு அதை ஆராய்ந்தது, தொழிலாளர் சொன்னது நியாயம் என்று தெரிந்தது, கணக்குத் திருத்தப்பட்டது. கடைத்தெருவில் என்ன விலை கொடுத்தோம் என்று தொழிலாளிக்கே தெரிந்திருந்ததால்தான் சர்க்கார் கணக்கோடு வாதாட முடிந்தது.

நெல் கூலிக்காகப் போராடிய நம் விவசாயத் தொழிலாளர் சரித்திரத்தைச் சொல்லாமல் போக முடியுமா? 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். செங்கொடியை இறக்க மறுத்தார்கள். ஒரு மரக்கால் நெல்லுக்கும் அரை மரக்கால் நெல்லுக்கும் உள்ள வித்தியாசம் அந்த வீட்டு அடுப்புக்குத் தெரியும்.

கடன் வசூலும் நம் நோட்டும்

குழுக் கடனைப் பற்றித் தாய்மார்கள் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த ரிசர்வ் பாங்கு விதியில் சில விஷயங்கள் இருக்கின்றன. வருஷ வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு வாங்காமல் கொடுக்கிற கடன் இந்த விதிக்குள் வருகிறது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது. ஏசவோ மிரட்டவோ கூடாது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டிலும் 2025-ல் ஒரு சட்டம் நிறைவேறியது.

ஆனால் மாத வருமானம் எவ்வளவு என்று பாரத்தில் எழுதுகிறவர் யார்? கடன் கொடுக்க வந்தவர். 12,000 வருமானம் உள்ள வீட்டுக்கு 25,000 என்று எழுதிவிட்டால், பாதி என்பது 12,500 ஆகிவிடும். வருமானம் முழுவதையும் தவணையாகக் கட்டச் சொல்லலாம்! நம் நோட்டு நம் கையில் இருந்தால், "இதோ எங்கள் வரவு, இதைத்தான் எழுத வேண்டும்" என்று சொல்ல முடியும். பாதி என்ற அளவும் நம் நன்மைக்குப் போட்ட அளவு அல்ல என்பதையும் கவனியுங்கள். நாம் பார்த்த குடும்பத்துக்கு மாதத் தவணை 2,600 ரூபாய்தான். பாதியில் பாதிகூட இல்லை. அதற்கே 30,200 ரூபாய் துண்டு விழுந்துவிட்டது.

ஆகவே தாய்மார்களே, புதுக் குழு என்று யாராவது வந்து ஆதார் அட்டையைக் கேட்டால், முதலில் நோட்டைப் பாருங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறோமா என்று பாருங்கள். தவணை கட்ட முடியாத பெண்ணைக் குழுவிலுள்ள மற்றப் பெண்களே சூழ்ந்துகொண்டு ஏசும்படி ஏவிவிடுகிறார்கள். அதற்கு நாம் இணங்கக் கூடாது. அவள் நம் வர்க்கம். இன்று அவள் வீட்டு வாசலில் நின்றால், நாளை நம் வீட்டு வாசலில் நிற்பார்கள். 2010-ல் ஆந்திராவில் இந்தக் கடன் வசூல் நெருக்கடியால் தற்கொலைகள் நடந்து, மாநில சர்க்கார் அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்ததை மறக்க வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியது

நோட்டில் எழுதிவிட்டால் கூலி தானாக உயர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. சில வீட்டில் வீண் செலவு குறையலாம். சில வீட்டில் ஒரு தண்டல் வாங்காமல் தப்பலாம். அதுவும் நல்லதுதான். ஆனால் 12,000 ரூபாய் வரவில் 14,600 ரூபாய்ச் செலவை எந்தச் சிக்கனத்தாலும் அடக்க முடியாது. அந்த இடத்தில் வீட்டுக் கணக்கு முடிகிறது. சங்கத்தின் கணக்கு தொடங்குகிறது.

ஆகவே மூன்று வேலைகள்.

ஒன்று: வருகிற அமாவாசையிலிருந்து ஒரு மாதம், ஒவ்வொரு குடும்பமும் ஐந்து கட்டுகளாகக் கணக்கு எழுத வேண்டும். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். ஒருவர் மறைத்தால் அது கணக்கு ஆகாது.

இரண்டு: ஒவ்வொரு கிராமத்திலும் பத்துக் குடும்பங்களின் கணக்கைப் பேர் இல்லாமல் கிளையில் சேர்க்க வேண்டும். யார் வீட்டுக் கடனும் ஊர் வாயில் விழக் கூடாது. அது நம் பொறுப்பு. பத்துக் கணக்கைக் கூட்டிச் சராசரி எடுத்தால், இந்த வட்டாரத்தில் ஒரு குடும்பம் மானமாக வாழ நாட்கூலி எவ்வளவு வேண்டும் என்ற தொகை கிடைக்கும். அந்தத் தொகைதான் நம் கோரிக்கை. ஆலைத் தோழர்களும் அப்படியே செய்து, பஞ்சப்படிப் பேச்சு வார்த்தைக்கு அதைக் கொண்டுபோக வேண்டும்.

மூன்று: கூலிப் பேச்சு வார்த்தைக்குப் போகிற குழுவில் பெண்கள் இருக்க வேண்டும். பருப்பு விலை யாருக்குத் தெரியும்? அடுப்பு யாரால் எரிகிறது? ஆண்களுக்கு 500, பெண்களுக்கு 300 என்று எதிராளி சொல்லும்போது, அந்த 200 ரூபாய் வருஷத்தில் எவ்வளவு ஆகிறது என்று அந்த இடத்திலேயே எழுந்து சொல்ல அவர்களால்தான் முடியும்.

"உனக்கு எவ்வளவு வேண்டும்?" என்று இனி யாராவது கேட்டால், நோட்டைத் திறந்து காட்டுவோம். இவ்வளவு அரிசி, இவ்வளவு துணி, இவ்வளவு மருந்து, பிள்ளைக்கு இவ்வளவு புத்தகம், பண்டிகைக்கு இவ்வளவு. இதற்குக் குறைந்தால் எதை விடச் சொல்லுகிறாய் என்று கேட்போம். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

கணக்கு நம் கைக்கு வரட்டும்! கூலி நம் கணக்குப்படி வரட்டும்!